மொட்டை மாடியில் ஒரு கம்பி: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

லிஃப்ட் பக்கத்தில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். "மொட்டை மாடியில் அனுமதியின்றிக் கட்டப்பட்டுள்ள கம்பி, சோலார் தகடு முதலியவற்றை 15 நாட்களுக்குள் அகற்ற வேண்டும், தவறினால் சங்கமே அகற்றும்" என்று இருக்கிறது. பெயர் போடவில்லை. ஆனால் இந்த 32 வீடுகளில் மாடியில் கம்பியும் தகடும் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். அதனால் பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. பொதுக்குழு கூடிய ஞாயிற்றுக்கிழமை நான் மகளின் பிரசவத்துக்காகக் கோவையில் இருந்தேன். அது உங்களுக்குத் தெரியும். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் மருத்துவமனை வராந்தாவில் நின்றே விளக்கம் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. ஊர் திரும்பியதும் பையைக்கூட வைக்காமல் மாடிக்குப் போனேன். அறிவிப்பு ஒட்டி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. கம்பி அவிழ்க்கப்பட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓரமாகச் சுருட்டிக் கிடந்தது. மாடியிலிருந்து என் வீட்டு ஜன்னலுக்கு இறங்கும் கேபிளைக் கைப்பிடிச் சுவரோடு ஒட்டக் கத்தரித்திருந்தார்கள். வெட்டுப்பட்ட முனையில் மழைத்தண்ணீர் ஏறி, உள்ளே இருக்கும் செம்பு வலை கறுத்துப் போயிருந்தது. வெட்டிய ஆள் மேல் எனக்குக் கோபமில்லை. கூலிக்கு வந்தவர், சொன்னதைச் செய்திருப்பார். நீங்களே கொடுத்த கெடுவுக்கு ஒன்பது நாள் மீதி இருக்கையில் அதைச் செய்யச் சொன்னது யார் என்பதற்கு மட்டும் பதில் வேண்டும்.

அந்தக் கம்பி என்னவென்று தெரியாமலே அதைப் பற்றி முடிவெடுத்துவிட்டீர்கள். அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற தந்தி ஊழியன். 1979ல் வேலையில் சேர்ந்தபோது, எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்பும் மோர்ஸ் கற்றேன். அப்புறம் டெலிபிரின்டர் வந்தது, கணினி வந்தது, 2013 ஜூலையில் தந்தி சேவையே நின்றுபோனது. கை மட்டும் மோர்ஸை மறக்கவில்லை. மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையில் வயர்லெஸ் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அது நடத்தும் தேர்வை எழுதி, அமெச்சூர் வானொலி உரிமம் வாங்கினேன். ஹாம் ரேடியோ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதுதான். மாடியில் இருந்த கம்பி அதன் ஆன்டெனா. எனக்கென்று ஒரு கால் சைன், அதாவது வானொலியில் என்னை அடையாளம் காட்டும் பெயர், இருக்கிறது. என் உரிமத்தின்படி 400 வாட் வரை சக்தியில் நான் ஒலிபரப்பலாம். நான் பயன்படுத்துவது 5 வாட்.

ஐந்துக்கு மேல் போவதில்லை என்பது நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. உலகம் முழுக்க இப்படிக் குறைந்த சக்தியில் பேசுவதையே விரதம் போலக் கடைப்பிடிக்கும் ஹாம்கள் இருக்கிறார்கள். கியூஆர்பி என்பார்கள். மோர்ஸில் 5 வாட், குரலில் 10 வாட், அதுதான் எல்லை. உங்கள் வீட்டுப் பூஜை அறையில் எரியும் சின்ன எல்இடி பல்பு தின்னும் மின்சாரம்தான் அந்த 5 வாட். அதை வைத்துக்கொண்டு பகலில் பெங்களூரோடும் ஹைதராபாத்தோடும் பேசுகிறேன். கொழும்பில் ஒருவர் சனிக்கிழமை காலைகளில் தவறாமல் வருவார். இரவில் கடல் தாண்டியும் போகும். மேலே, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளி பட்டு மின்னூட்டம் ஏறிய காற்றடுக்கு ஒன்று இருக்கிறது. கம்பியிலிருந்து கிளம்பும் அலையை வளைத்து மறுபடி பூமிக்கு இறக்கிவிடுவது அதுதான். நடுவில் கோபுரம் வேண்டாம், செயற்கைக்கோள் வேண்டாம், மாதச் சந்தா வேண்டாம்.

மாடியில் இருந்தது இவ்வளவுதான்: இருபுறமும் பத்துப் பத்து மீட்டர் நீளும் மெல்லிய செம்புக் கம்பி, துணிக்கொடி பருமன்கூட இல்லை. நடுவில் அதைத் தூக்கிப் பிடிக்கும் ஒரு பிவிசி குழாய். இரண்டு முனையிலும் நைலான் கயிறு. கூடவே, ஒன்றரை அடிக்கு ஒன்றேகால் அடியில் 20 வாட் சோலார் தகடு ஒன்று. அதிலிருந்து ஒரு வயர் என் அறைக்கு இறங்கி, பேட்டரிக்கு ஏறும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் வழியாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்குப் போகிறது. கணினி யுபிஎஸ்ஸுக்குள் இருக்குமே, அதே பேட்டரி. இந்தக் கட்டடத்தின் மின்சாரத்தில் ஒரு யூனிட்கூட என் வானொலி எடுத்ததில்லை.

இப்போது 2015 சென்னை வெள்ளத்துக்கு வருகிறேன். உங்களில் பாதிப் பேர் அப்போது இங்கே இல்லை. இருந்தவர்கள் மறந்திருக்க முடியாது.

நவம்பர் நடுவிலேயே முடிச்சூர் பக்கம் ஒருமுறை வெள்ளம் வந்து வடிந்திருந்தது. டிசம்பர் 1ஆம் தேதி பெய்தது வேறு மழை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். இரவில் அடையாற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. தண்ணீரில் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்று மின்வாரியம் சப்ளையை நிறுத்தியது. அது சரியான முடிவுதான். நம் ஜெனரேட்டர் தரைத்தளத்தில் இருந்தது, மூழ்கியது. கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னலும் போனது. டவர்களும் பேட்டரியிலும் டீசலிலும்தான் ஓடுகின்றன. டீசல் வண்டி வர முடியாத இடத்தில் டவர் எத்தனை மணி நேரம் நிற்கும்?

2ஆம் தேதி விடிந்தபோது படிக்கட்டில் ஒன்பதாவது படி வரை தண்ணீர். தரைத்தள வீட்டுக்காரர்கள் எல்லோரும் மேலே ஏறி வந்திருந்தார்கள். என் வீட்டுக் கூடத்தில் மட்டும் பதினோரு பேர். யாருடைய போனும் வேலை செய்யவில்லை. அமெரிக்காவில், பூனாவில், திருச்சியில் இருக்கும் பிள்ளைகள் டிவியில் முடிச்சூரைப் பார்த்துப் பதறிக்கொண்டிருப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். "உயிரோடு இருக்கிறோம்" என்ற இரண்டு வார்த்தையை வெளியே அனுப்ப வழியில்லை.

சோப்புப் பெட்டி அளவில் நானே கட்டிய மோர்ஸ் செட் ஒன்று இருந்தது. காலை எட்டரைக்கு அதை 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போட்டேன். மூன்றாவது அழைப்பில் பெங்களூர் நண்பர் ஒருவர் பதில் கொடுத்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். என் சிக்னல் பலவீனமாகத்தான் இருந்தது, ஆனால் எழுத்து எழுத்தாகத் தெளிவாகக் கேட்கிறது என்றார். "நம்பர்களைக் கொடுங்கள், நான் போன் போட்டுச் சொல்கிறேன்" என்றார்.

அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. பெற்ற பிள்ளையின் நம்பர் யாருக்கும் மனப்பாடம் இல்லை. எல்லாம் செத்துப்போன போனுக்குள் இருந்தது. முதல் மாடி அம்மா மட்டும் மகனின் நம்பரைக் கேஸ் புக்கின் பின்னட்டையில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். நனையாமல் அதை முந்தானையில் சுற்றி மேலே கொண்டுவந்திருந்தார். வேறு சிலர் பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் தேடி எடுத்தார்கள், அதில் நம்பர் போட்டிருக்கும். தினசரிக் காலண்டர் தாள்களைக் கிழித்து, பின்பக்கத்தில் ஒவ்வொரு செய்தியாக எழுதினேன். மோர்ஸில் ஓர் எண்ணுக்கு ஐந்து தட்டு. பத்து இலக்க நம்பருக்கு ஐம்பது. தவறிவிடக் கூடாது என்று ஒவ்வொரு நம்பரையும் இரண்டு முறை அனுப்பினேன். "இரண்டாம் மாடி. அப்பா அம்மா நலம். இன்சுலின் இரண்டு நாளுக்கு உள்ளது." இவ்வளவுதான் செய்தி. தந்தி ஆபீஸில் பழகிய சிக்கனம் அன்றைக்குக் கைகொடுத்தது.

மொத்தம் 19 செய்திகள் போயின. சாயங்காலத்துக்குள் 14 வீடுகளுக்குப் பதில் வந்தது. அந்த இன்சுலின் செய்தி போன மறுநாள், அந்தப் பிள்ளையின் நண்பர் ஒருவர் படகுக்காரர்களோடு வந்து ஜன்னல் வழியே மருந்துப் பையைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வீட்டுப் பெரியவர் இன்றும் நம்மோடு இருக்கிறார், நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அந்தக் காலண்டர் தாள்கள் 19ம் என் லாக் புத்தகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

சூரியனே இல்லாத நாளில் சோலார் எப்படி உதவியது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நல்ல வெயிலில் என் தகடு ஓர் ஆம்பியருக்குச் சற்று மேலே கொடுக்கும். அன்றைக்கு மேகத்தில் நூறு, நூற்றைம்பது மில்லியாம்பியர்தான் வந்தது. ஆனால் அந்தச் சின்ன செட் கேட்டுக்கொண்டிருக்கும்போது எடுப்பது சுமார் 50 மில்லியாம்பியர். தட்டும்போது மட்டும் ஓர் ஆம்பியர், அதுவும் மோர்ஸ் தட்டும் சாவியை அழுத்தியிருக்கும் நொடிகளில் மட்டும். அதனால் பேட்டரி இரண்டு நாள் இறங்கவே இல்லை என்று சொல்லுமளவுக்குத் தாங்கியது. நூறு வாட் செட் வைத்திருந்தால் தட்டும்போது இருபது ஆம்பியர் இழுத்திருக்கும், மத்தியானத்துக்குள் எல்லாம் அடங்கியிருக்கும். நான் 5 வாட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான். மழைக்கால மேகம் கொடுக்கும் வெளிச்சத்துக்குள் என் தேவை அடங்கியிருக்க வேண்டும்.

இது என் ஒருவனின் கதை என்று நினைக்க வேண்டாம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் தலைமையில் ஒரு குழு அந்தமானில் வானொலி நிலையம் அமைக்கப் போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. பொழுதுபோக்குப் பயணம்தான். 26ஆம் தேதி காலை நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. தீவுகளின் தொலைபேசி அறுந்த அந்த நாட்களில், அவர்கள் வைத்திருந்த வானொலி வழியாகத்தான் பல குடும்பங்களுக்குச் செய்தி போனது. அரசு இதன் மதிப்பை உணர்ந்துதான் நடந்துகொண்டிருக்கிறது. 2005 மே 5ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன பிஎஸ்எல்வி ராக்கெட்டில் ஹாம்களுக்கென்றே ஹாம்சாட் என்ற செயற்கைக்கோளை இஸ்ரோ ஏற்றி அனுப்பியது. 42 கிலோ சொச்சம் எடை. ஒன்பது ஆண்டு வேலை செய்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் பர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற செட்டை உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் தங்கள் கையாலேயே கட்டியிருக்கிறார்கள். அதன் முதல் வடிவத்தில் கம்பிச் சுருள் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாய் வாஷரைப் பயன்படுத்தினார். சென்னை ரிச்சி தெருவில் ஒரு பை எலக்ட்ரானிக் சாமானும் ஹார்டுவேர் கடையில் நாலு வாஷரும் வாங்கி நானும் ஒன்று கட்டினேன். என் மேசை மேல் இப்போதும் இருக்கிறது. பொதுக்குழுவில் யாரோ இதை "அந்தப் பெரியவரின் பொம்மை" என்றதாகக் கேள்விப்பட்டேன். அது என்னைப் புண்படுத்தியது. எழுதாமல் விட்டால் மனதிலேயே கிடக்கும் என்பதால் எழுதிவிட்டேன்.

சரி, கம்பியை எடுக்கச் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். பொது விளக்கு, லிஃப்ட், மோட்டாருக்காக மாடியில் 10 கிலோவாட் சோலார் போடப் போகிறோம், அதற்கு இடம் வேண்டும் என்கிறீர்கள். மத்திய அரசின் சூரியகர் திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. நம் பராமரிப்புச் செலவில் பாதி மின் கட்டணம். மனதார வரவேற்கிறேன். கூட்டத்தில் இருந்திருந்தால் முதல் கையை நான்தான் தூக்கியிருப்பேன்.

ஆனால் சோலார் போடப்போகும் நிறுவனத்தின் ஆள் கூட்டத்தில், "அவருக்கும் இதிலிருந்தே கரன்ட் கொடுத்துவிடலாம், தனித் தகடு எதற்கு?" என்று சொல்ல, எல்லோரும் தலையாட்டியிருக்கிறீர்கள். அதுதான் என்னைப் பயப்படுத்துகிறது. நீங்கள் போடப்போவது பேட்டரி இல்லாத, மின்வாரிய லைனோடு இணைந்த அமைப்பு. அதன் இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் இருந்தால்தான் ஓடும். லைன் செத்த அடுத்த நொடியே அதுவும் தானாக நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும், விதி அது. இல்லையென்றால் கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியர் மேல் நம் மாடியின் மின்சாரம் பாயும். ஆக, 2015 போல ஒரு நாள் வந்து மின்வாரியம் சப்ளையை நிறுத்தினால், மாடி நிறையத் தகடு இருந்தும், உச்சி வெயிலே அடித்தாலும், படிக்கட்டு விளக்கு ஒன்றுகூட எரியாது. ஒரு போனைக்கூட சார்ஜ் போட முடியாது. இதைக் கூட்டத்தில் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. தயவுசெய்து அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

2015க்கு அப்புறம் ஜெனரேட்டரை மேடை கட்டி ஏற்றினோம். 2016 டிசம்பர் 12ல் வார்தா புயல் அடித்துவிட்டுப் போனபின் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பர் 4ல் மிக்ஜாம் மழையில் ஜெனரேட்டர் நன்றாகவே ஓடியது, ஆனால் இரண்டாம் நாள் மத்தியானம் டீசல் தீர்ந்தது, வாங்கப் போக ரோடு இல்லை. இந்த இரண்டு முறையும் என் செட் ஓடியது. மிக்ஜாமின்போது எதிர் பிளாக்கில் இருந்த கர்ப்பிணிப் பெண்ணின் கணவர் என் மேசை பக்கத்தில் உட்கார்ந்து, தன் மாமியாருக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று இரவு பத்து மணி வரை காத்திருந்தார். அன்றைக்கு அவர் இந்தக் கம்பியைப் பற்றி எந்தக் குறையும் சொல்லவில்லை.

ரேடியேஷன் பயம் பற்றி. மூன்றாம் மாடிக் குடும்பத்தில் கைக்குழந்தை இருக்கிறது, அவர்கள்தான் கூட்டத்தில் இதைக் கேட்டார்கள் என்று சொன்னார்கள். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பேத்தி பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவள் இங்கே வரும்போதும் இதே கம்பியின் கீழ்தான் தூங்கப் போகிறாள். வானொலி அலை எக்ஸ்ரே போல உடலின் அணுக்களை உடைக்கும் வகையைச் சேர்ந்ததல்ல. மிக அதிகச் சக்தியில், மிக அருகில் இருந்தால் சூடாக்கும், அவ்வளவுதான். நாம் காதோடு ஒட்டிப் பேசிய பழைய 2ஜி போன் தேவைப்பட்டால் 2 வாட் வரை போகும். என் கம்பிக்குப் போவது 5 வாட், அது இருப்பது தலைக்கு மேல் பல அடி உயரத்தில், அதுவும் நாளுக்கு அரை மணி, முக்கால் மணி, நான் சாவியை அழுத்தும்போது மட்டும். அந்தக் குடும்பம் எந்த நேரத்திலும் என் வீட்டுக்கு வரலாம். செட்டை ஓடவிட்டுக் காட்டுகிறேன், கேட்கும் எல்லாவற்றுக்கும் உட்கார்ந்து பதில் சொல்கிறேன்.

இடி விஷயம் அப்படியில்லை, அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மாடியில் எந்த உலோகம் இருந்தாலும் அதை எர்த் செய்வது கடமை. கீழே தோட்டத்து ஓரத்தில் உப்பும் கரியும் போட்டுத் தனி எர்த் குழி வைத்திருக்கிறேன், மேகம் கறுத்தால் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவேன். ஆனால் அந்த எர்த்தை நான்கு வருடமாக யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அது என் தவறு. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து, அறிக்கையை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபருக்கு முன் சங்கத்தில் கொடுக்கிறேன். செலவு என்னுடையது.

பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்ற வாதத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நம் மாடியில் ஆறு துணிக்கொடிகளும் பதினான்கு டிஷ் ஆன்டெனாக்களும் இருக்கின்றன. அவற்றில் பல வேலை செய்யாதவை. அவற்றுக்கு அறிவிப்பு இல்லை.

இன்னொரு விஷயம் இருக்கிறது, இது உங்கள் கவனத்துக்கு வந்திருக்க வாய்ப்பில்லை. கம்பியை மறுபடி கட்ட அனுமதித்தாலும், சோலார் அமைப்பைச் சரியாகப் போடாவிட்டால் கம்பி இருந்தும் பயனில்லாமல் போகும். எதிர்த் தெருக் கட்டடத்தில் போன வருடம் சோலார் போட்டார்கள். அன்றிலிருந்து காலை ஒன்பது மணிக்கு வெயில் ஏற ஏற என் செட்டில் ஓர் இரைச்சல் ஏறும். அடை மழை தகரக் கூரையில் விழுவது போன்ற சத்தம். நாலு மணிக்கு மேல் வெயிலோடு அதுவும் இறங்கும். மேகம் கடந்தால் அந்த ஒரு நிமிடம் அமைதி. அவர்களுடைய இன்வெர்ட்டருக்குள் மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிச் சேர்க்கிறார்கள். அந்த வெட்டுச் சத்தம் தகடுகளுக்குப் போகும் நீள வயர்களில் ஏறி, அந்த வயரே ஆன்டெனாவாகி ஒலிபரப்புகிறது. கொழும்பு நண்பரின் சிக்னல் இப்போது அந்த இரைச்சலுக்கு அடியில் போய்விட்டது, அவருக்காக நான் விடியற்காலையில் எழுந்துகொள்கிறேன். எதிர்த் தெருவிலிருந்தே இப்படியென்றால், என் கம்பிக்கு நேர் கீழே இருந்தால் எப்படியிருக்கும் என்று யோசியுங்கள். இதில் நானே சூடுபட்டிருக்கிறேன். விலை மலிவாகக் கிடைத்தது என்று முதலில் வாங்கிய சார்ஜ் கன்ட்ரோலர் என் செட்டையே செவிடாக்கியது. மாற்றி வேறு வாங்கினேன், வயர்களில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் போட்டேன், சத்தம் நின்றது. இது தீர்க்கக்கூடிய பிரச்சினை. ஆனால் போடும்போதே யோசித்தால் சில ஆயிரம் ரூபாயில் முடியும், போட்டபின் யோசித்தால் முடியாது.

நான் சங்கத்திடம் கேட்பவை இவை.

முதலில், அந்த அறிவிப்பை எடுத்துவிட்டு, அடுத்த பொதுக்குழுவில் இந்த விஷயத்தை மறுபடி வையுங்கள். நான் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். எனக்குப் பேசப் பத்து நிமிடம் கொடுங்கள். அதுவரை என் தகட்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்று மேற்பார்வையாளருக்கு எழுத்தில் சொல்லுங்கள். கம்பியை நான் தற்காலிகமாகக் கட்டிக்கொள்ள அனுமதியுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்க அதிக நாள் இல்லை.

கத்தரித்த கேபிளுக்குப் பணம் கேட்கவில்லை, நானே வாங்கிக்கொள்கிறேன். கெடுவுக்கு முன் வெட்டியது தவறு என்று சங்கத்தின் நிகழ்ச்சிக் குறிப்பில் ஒரு வரி எழுதினால் போதும்.

இடம் பற்றி: அந்த நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்தேன். படிக்கட்டு மாடியில் வந்து முடியும் ஹெட்ரூமின் கூரை அதில் காலியாகத்தான் இருக்கிறது. என் தகட்டை அங்கே மாற்றிக்கொள்கிறேன், இரண்டு சதுர அடி போதும். கம்பியின் நடுக்குழாயையும் ஹெட்ரூம் சுவரில் கிளாம்ப் போட்டு உயர்த்திவிடலாம், முனைகள் இரண்டும் கைப்பிடிச் சுவர் மூலைகளுக்குப் போகும். உங்கள் தகடுகளின் ஸ்டாண்டு ஏழு அடி, கம்பி அதற்கும் மேலே இருக்கும். விரல் பருமன்கூட இல்லாத அந்தக் கம்பியின் நிழலால் உற்பத்தி குறையாது. இந்த இடத்தை எனக்கு எழுத்தில் ஒதுக்கித் தாருங்கள்.

சோலார் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். மின்காந்த இரைச்சல் சோதனைச் சான்றிதழ் உள்ள இன்வெர்ட்டர் வேண்டும், ஒவ்வொரு தகட்டுக்கும் தனித்தனி மின்னணுப் பெட்டி வைக்கும் வகை வேண்டாம். தகடுகளிலிருந்து வரும் பிளஸ், மைனஸ் வயர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே பைப்பில் கொண்டுவர வேண்டும், பெரிய வளையமாகச் சுற்றக் கூடாது. இன்வெர்ட்டரின் இருபுறமும் ஃபெரைட் போட இடம் விட வேண்டும், ஃபெரைட்டை நானே வாங்கித் தருகிறேன். இதோடு, சின்ன பேட்டரியுடன் கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கும் ஒரு விலைப்புள்ளி வாங்குங்கள். லிஃப்டும் மோட்டாரும் ஓட வேண்டாம். லைன் போன நாளில் படிக்கட்டு விளக்குகளும், மாடிக்கு ஒரு போன் சார்ஜ் பாயின்டும் ஓடினால் போதும். கட்டுப்படியாகாவிட்டால் விட்டுவிடலாம். விலை தெரியாமலே விட வேண்டாம்.

கடைசியாக ஒரு கோரிக்கை. எனக்கு 67 வயது. இந்த செட்டை இயக்கத் தெரிந்தவன் கட்டடத்தில் நான் மட்டும் இருப்பது சரியில்லை. இரண்டாம் மாடிப் பையன், ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான், ஆறு மாதமாக என்னிடம் மோர்ஸ் கற்றுக்கொண்டிருக்கிறான். 12 வயது ஆனவர்கள் உரிமத் தேர்வு எழுதலாம். கம்பியைக் கத்தரித்த அன்று, அவன்தான் மாடியில் சிதறிக் கிடந்த கிளிப்புகளைப் பொறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, நான் வரும்வரை வைத்திருந்தான். அவனைப் போல இன்னும் மூன்று நான்கு பேர், பெரியவர்களும் வரலாம், ஞாயிறு காலை ஒரு மணி நேரம் மாடி அறையில் உட்கார அனுமதியுங்கள். கட்டணம் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அட்டை தருகிறேன். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டுமோ அந்த இரண்டு நம்பர்களை அதில் பேனாவால் எழுதி, கேஸ் புக்கோடு வைத்துக்கொள்ளட்டும்.

வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு மாடியில் இருப்பேன். கம்பி இல்லாவிட்டாலும், பையனும் நானும் மூங்கில் கழியில் தற்காலிகமாக ஒன்றைக் கட்டி வைத்திருப்போம். நிர்வாகக் குழுவில் ஒருவராவது வந்து, பெங்களூரிலிருந்து வரும் பதிலைக் காதால் கேட்டுவிட்டுப் போங்கள். இந்த மடலுக்கு எழுத்தில் பதிலை அதற்கு அடுத்த ஞாயிறுக்குள் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
நான்காம் மாடிக் குடியிருப்பாளர்,
ஓய்வுபெற்ற தந்தி ஊழியர்